கத்தரித் தோட்டத்தில் ஐந்து பானைகள்

மச்சான்,

நம்முடைய பானைகளில் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இரண்டு கிழமைக்கு முன்தான் கண்டேன். அடிக்கரி அப்படியே இருக்கிறது. அதன்மேல் நான் சுண்ணாம்பில் விரலைத் தோய்த்துக் குத்திய புள்ளிகளும் உதிரவில்லை. கொஞ்சம் மஞ்சளடித்திருக்கின்றன, அவ்வளவுதான். அறுபத்தெட்டு வருடத்தில் என் பல்லெல்லாம் போய்விட்டது, அந்தப் புள்ளிகள் போகவில்லை.

நாம் இரண்டு பேரும் வேலை செய்த துறைமுகத்தடிப் பங்களாவை இப்போது நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக வேலிக்குள் கிடந்த இடம், இனி யாரும் போய்ப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டதும் மருமகளைக் கூட்டிக்கொண்டு அன்புவழிபுரத்திலிருந்து ஓட்டோவில் போனேன். உன்னோடு போயிருக்க வேண்டும். நீ மூதூர் மையவாடி மண்ணுக்குள் போய்ப் படுத்து ஒன்பது வருடமாகிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் என்னவாம் என்று ஓட்டோவுக்குள் இருந்தபடியே உன்னோடு சண்டை பிடித்தேன்.

வீடு மாறவில்லை. ஒல்லாந்தர் கட்டிய அந்தத் தடித்த சுவர், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கதவுகள், கடலைப் பார்த்த நீள விறாந்தை. வெள்ளைக்காரத் துரையின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி கதிரைகளைப் போட்டு, யாரும் இருந்துவிடாதபடி கயிறு கட்டியிருக்கிறார்கள். நான் தட்டச்சு அடித்த மூலையில் துருப்பிடித்த நங்கூரம் ஒன்று கிடக்கிறது. கிளாக்கர் ஒருத்தன் அங்கே இருந்தான் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. அதில் எனக்கு வருத்தமுமில்லை.

மருமகளுக்குப் பூமரம் என்றால் பைத்தியம். வீட்டைப் பார்க்காமல் முதலில் தோட்டத்துக்குத்தான் ஓடினாள். ஆலமரம் இன்னும் நாலு விழுது கூடுதலாக இறக்கியிருக்கிறது. நாகலிங்கம் பூத்துக் கொட்டியிருந்தது. செவ்வரத்தை வரிசையும் மதிலில் படர்ந்த காகிதப்பூவும் நீ வைத்தவையின் பேரப்பிள்ளைகளாக இருக்க வேண்டும். மான்கள் வழமைபோல யாரையும் மதிக்காமல் குறுக்கே நடந்தன. அவற்றுக்கு நீ ஏசுகிற ஏச்சு காதில் கேட்டது. ஒவ்வொரு மரத்திலும் பெயர்ப்பலகை அடித்திருக்கிறார்கள். உன்னுடைய ஈரப்பலாவிலும் இருந்தது. மரத்தின் பெயர் மட்டும்.

அதன் பிறகுதான் உள்ளே போய், கடைசி அறையில் பானையைக் கண்டோம். தள்ளி நின்றால் எனக்கு எழுத்துத் தெரியாது, கண் அப்படி. மருமகள் வாசித்தாள்.

"யுத்த காலத்தில் எதிரி விமானங்களுக்கு அடையாளம் காட்டுவதற்காக, இவ்வீட்டுத் தோட்டக்காரர் ஒருவரால் வைக்கப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பானைகளில் ஒன்று."

வாசித்துவிட்டு அவள் சொன்னாள்: "பாத்தீங்களோ மாமா, அந்தக் காலத்திலயே காட்டிக் குடுக்கிற ஆக்கள் இருந்திருக்கினம்."

இருபது வருடமாக மாதம் ஒருமுறை நீ கடல் தாண்டி லோஞ்சில் கொண்டுவந்த எருமைத் தயிரைச் சாப்பிட்டவள் அவள். 'மூதூர் மாமாவின்ட தயிர் போல ஊரில இல்லை' என்று சொல்லிச் சொல்லியே சட்டியை வழித்தவள். அவளுக்கு அந்தத் தோட்டக்காரன் நீ என்று தெரியாது. கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

உனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் ஒருமுறை முதலிலிருந்து சொல்ல வேண்டும் போலிருக்கிறது. நீ உயிரோடு இருக்கும்வரை சொல்ல விட்டாயா?

யுத்தம் வந்ததும் துரையின் புல்தரையைக் கொத்திக் காய்கறி போடச் சொல்லி உத்தரவு வந்தது. நீ அழாக்குறையாகப் புல்லைக் கொத்தினாய். பிறகு கத்தரியில் உன் கோபத்தையெல்லாம் காட்டினாய். அப்படிக் காய்த்த கத்தரியை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. கப்பல்களிலிருந்து வந்த அதிகாரிகள் கூட்டமாக வந்து பார்த்துவிட்டு, காயைக் கையால் ஏந்தி ஏந்திப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் பூவெல்லாம் கொட்டியது. இலை சுருண்டது.

"கண்ணூறு, மச்சான்" என்றேன்.

"பூச்சி" என்றாய் நீ. "துரைமாரின்ட கண் நீலக் கண். அது கத்தரியில படாது, கப்பலிலதான் படும்."

நமக்கு இருபத்தொரு வயது. எனக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த ஆங்கிலமும், ஆங்கிலம் கொடுத்த உத்தியோகமும் இருந்தன. அந்த வீட்டில் நான் கிளாக்கர், வேலையாட்களுக்கு மொழிபெயர்க்கிற துபாசி. கண்ணூறு விஷயத்தில் மட்டும் நான் அசல் ஊரான்தான். நீ ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மூதூர் போன நேரம் பார்த்து, குசினியில் கழித்துப் போட்ட ஐந்து சோற்றுப் பானைகளை எடுத்தேன். இருட்டடிப்புக் காலத்தில் வண்டிகளுக்குத் தெரிவதற்காக ஒழுங்கை மரங்களுக்கு அடிக்கவென்று வைத்திருந்த சுண்ணாம்பு மிச்சம் கிடந்தது. புள்ளி குத்தினேன். தடியில் கவிழ்த்து, தோட்டத்தின் நாலு மூலையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று நட்டேன். சும்மா நட்டிருந்தாலும் பரவாயில்லை. கிளாக்கர் புத்தி விடுமா? கயிறு பிடித்து அளந்து, கோணாமல் நட்டேன்.

இதில் மடத்தனம் என்னவென்றால், அதற்கு முந்தின கிழமைதான் 'வானத்துக்குத் தெரிகிறமாதிரி வெள்ளையாக ஒன்றும் வெளியில் வைக்கக்கூடாது' என்ற உத்தரவை ஆலமரத்தடியில் உங்கள் எல்லாருக்கும் தமிழில் வாசித்துக் காட்டியவன் நான். மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதையும் அதோடுதான் நிறுத்தினார்கள். வெள்ளைத் துணி காயப்போடாதீர்கள், வெள்ளைக் கல் அடுக்காதீர்கள் என்று விளக்கமும் கொடுத்தேன். கண்ணூறுப் பானை அந்த உத்தரவில் அடங்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அது மனிதக் கண்ணுக்காக வைப்பது, விமானத்துக்கு அதில் என்ன வேலை என்றுதான் என் மூளை இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை நீ வந்து பார்த்தாய். சிரித்துச் சிரித்து வரம்பிலேயே இருந்துவிட்டாய். ஆனால் பானையைப் பிடுங்கவில்லை. பிறகு கத்தரி தேறியது. நீ சாம்பல் தூவினதால் என்றாய், நான் பானையால் என்றேன்.

சித்திரை வருஷத்துக்குச் சில நாள் இருக்கும்போது, காலையில் யப்பான்காரனின் விமானங்கள் வந்தன. நீ வெட்டிய குழிக்குள் நாம் இருவரும் முழங்கால் முட்ட இருந்தோம். நீ ஓதிக்கொண்டிருந்தாய், நான் கோணேசரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி எரிந்த கரும்புகை நாட்கணக்காக நின்றது. பாதி ஊர் வண்டிகட்டிக் கண்டி வீதியால் கந்தளாய்ப் பக்கம் போய்விட்டது. நம் வீட்டில் ஒரு ஓடுகூட உடையவில்லை. தப்பினோம் என்று நினைத்தோம்.

அதற்குப் பிறகுதான் விசாரணை வந்தது. வெள்ளைக்காரரின் விமானி ஒருவன் மேலிருந்து பார்த்துவிட்டு, பெரிய வீட்டுத் தோட்டத்தில் ஐந்து வெள்ளை அடையாளங்கள், அளந்து வைத்ததுபோல, என்று எழுதிக் கொடுத்திருந்தானாம். அளந்துதானே வைத்தேன்.

விறாந்தையில் மேசை போட்டிருந்தது. மேசையில் பானை. விசாரிக்க வந்தவர் நம் துரை அல்ல, எங்கோ இருந்து வந்த, மெலிந்த, சத்தம் போடாத ஓர் அதிகாரி. அவருக்குத் தமிழ் தெரியாது. உனக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான் நின்றேன்.

இதை யார் வைத்தது என்று அவனைக் கேள் என்றார் அதிகாரி.

நான் உன் பக்கம் திரும்பினேன். "மச்சான், நான்தான் வைச்சனான் எண்டு சொல்லப்போறன்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். "முகத்தை அப்பிடி வைச்சிராத. கேள்வி கேக்கிற மாதிரிக் கதை. பானையை ஆர் வைச்சதெண்டுதானே கேக்கிறார்?"

"ஓம்."

"நான் வைச்சனான் எண்டு சொல்லு."

"ஏலாது. நீ அண்டைக்கு ஊரில போய் நிண்டனி."

"அது அவருக்குத் தெரியாது. கேள், மச்சான். வெள்ளை வைக்கக்கூடாதெண்டு கடுதாசி வாசிச்சவன் நீ. இங்கிலீஷ் தெரிஞ்சவன். நீ வைச்சா அது உளவு. உன்னைச் சுடுவாங்கள். நான் வைச்சா அது மடையன் பாத்த வேலை. ரெண்டு அடி போட்டுக் கலைச்சு விடுவாங்கள். உன்ர அம்மாவை நினைச்சுப் பாத்துச் சொல்லு."

ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அதிகாரி கேட்டார். ஊர் வழக்கத்தை விளக்குகிறான் என்று சொன்னேன். பிறகு, தோட்டக்காரன் தானே வைத்ததாகச் சொல்கிறான் என்றேன். நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. கத்தரிக்குக் கண் படாமலிருக்க எங்கள் பகுதியில் இப்படி வைப்பார்கள், படிப்பில்லாதவன், அறியாமல் செய்துவிட்டான் என்று சேர்த்தும் சொன்னேன். அந்த வாக்குமூலத்தைத் தட்டச்சு அடித்ததும் நான்தான். உன் பெயரை எழுத்துக்கூட்டப் பொறுமையில்லாமல், தோட்டக்காரன் என்று போட்டால் போதும் என்றார் அதிகாரி. போட்டேன். கீழே நீ தமிழில் கையெழுத்து வைத்தாய்.

வெட்கமாக இருந்தது, மச்சான். ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில், அப்பாடா என்று ஒரு ஆறுதலும் இருந்தது. அந்த ஆறுதல்தான் என்னை இத்தனை வருடமாக அரித்தது.

நீ சொன்னபடிதான் நடந்தது. நாலு நாள் காவலில் வைத்திருந்துவிட்டு, பாஸைப் பறித்து, துறைமுகப் பக்கமே வரக்கூடாது என்று அனுப்பினார்கள். படலையடியில் நின்று நீ எனக்குச் சொன்னது ஒரே ஒரு விஷயம். "கச்சான் காத்துத் துவங்கப் போகுது, நிலம் காஞ்சுபோகும். ஈரப்பலாக் கண்டுக்குத் தண்ணி விடு. ரெண்டு மாரி காணட்டும், பிறகு அது தன்ர பாட்டைப் பாக்கும்." குசினிப் பின்பக்கம் அதைப் போன மாரியில்தான் வைத்திருந்தாய். என் முழங்கால் உயரம்.

தண்ணீர் விட்டேன். இரண்டு கச்சானும் காலையில் இரண்டு வாளி, பின்னேரம் இரண்டு வாளி. கிளாக்கர் வாளி தூக்குகிறான் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். முதல் காய் வந்தபோது சேட்டுக்குள் மறைத்துக்கொண்டு லோஞ்ச் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி தேங்காய்ப்பால் விட்டு ஆக்கினா. அன்றைக்கு என் வாய்வரை வந்தது. "மச்சான், அந்தப் பானை..." என்று தொடங்கினேன். "கறி ஆறப்போகுது, தின்" என்றாய். அதற்குப் பிறகு நான் எப்போது தொடங்கினாலும் உனக்கு ஏதாவது ஒன்று ஆறிக்கொண்டோ புளித்துக்கொண்டோ இருக்கும்.

ஆனால் ஒன்றை நீ மறைக்க முடியவில்லை. உன்னைக் காவலில் வைத்த கதை உனக்கு முன்னமே லோஞ்ச் ஏறி மூதூருக்குப் போயிருந்தது. பட்டப்பெயர் வைப்பதில் உன் ஊரை வெல்ல ஆளில்லை. இறங்குதுறையில் உன்னை 'யப்பான்' என்று கூப்பிடுவதை என் காதால் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு கையாட்டினாய். பிறகு உன் பிள்ளைகள் யப்பான்காரன்ட பிள்ளைகள் ஆனார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொடுத்தவன் நான். ஒவ்வொரு மாதமும் நீ கொண்டுவந்த தயிரைச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தவனும் நான்தான்.

நூதனசாலையில் நான் பெட்டியைப் பிடித்தபடி நின்றதைக் கண்டு பயந்து, அங்கே வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் தந்தாள். மருமகள் விசிறினாள்.

"அது எங்கட மூதூர் மாமா" என்றேன் அவளிடம்.

"எது?"

"அந்தத் தோட்டக்காரன்."

அவள் விசிறுவதை நிறுத்திவிட்டாள். "அவர் அப்பிடிச் செய்வாரோ, மாமா?"

"இல்லை. வைச்சது நான்."

சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா என்று இருந்தது. பிறகு எல்லாவற்றையும் இரண்டு பேருக்கும் சொன்னேன். அந்தப் பிள்ளை உள்ளே போய் ஒரு கடுதாசியைக் கொண்டுவந்து காட்டினாள். பானையோடு களஞ்சிய அறைப் பெட்டியில் கிடந்ததாம். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன், என் தட்டச்சுதான். அந்தப் பொறியில் ஒரு எழுத்து எப்போதும் வரியை விட்டு மேலே ஏறி நிற்கும், அது அப்படியே நின்றது. கீழே உன் கையெழுத்து. அந்தக் கடுதாசியை வைத்துத்தான் பெட்டியில் எழுதியிருக்கிறார்கள். நான் அடித்த பொய்யைத்தான் என் மருமகள் எனக்கே வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"நீங்கள் சொல்லுறதை எழுதித் தாங்கோ, ஐயா" என்றாள் அந்தப் பிள்ளை. "நான் மேலுக்கு அனுப்புறன். எப்ப மாத்துவினமோ தெரியாது."

துரையின் வீட்டு விறாந்தையிலேயே இருந்து எழுதினேன். பானைகளை வைத்தவன் நான், தோட்டக்காரர் அன்று மூதூரில் நின்றார், அவர் சொன்னது என்னைக் காப்பாற்ற. தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்திலும் எழுதினேன். உன் பெயரை வாப்பாவின் பெயரோடு முழுதாகப் போட்டேன். எழுத்து நுளம்பு நசித்ததுபோல வந்தது. திரும்பும்போது மருமகள் தோட்ட வேலைக்காரரிடம் கெஞ்சி, உன் மரத்திலிருந்து ஒரு ஈரப்பலாக்காய் வாங்கிக்கொண்டு வந்தாள். ஓட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஒன்று மட்டும் சொன்னாள். "கடுதாசியில எழுதினால் காணுமோ, மாமா? அவற்ர பிள்ளையள் அந்தப் பெட்டியைப் பாக்கவோ போகினம்?"

அடுத்த சனிக்கிழமை மூதூர் போனோம். இப்போது லோஞ்ச் தேவையில்லை, கிண்ணியாவால் பாலம் வந்துவிட்டது. பஸ்ஸில் வந்ததால் எனக்கு வழி பிடிபடவில்லை. நான் அறிந்ததெல்லாம் இறங்குதுறையிலிருந்து வருகிற பாதை. ஓட்டோக்காரப் பொடியனுக்கு உன் பெயர், உன் வாப்பாவின் பெயர், பள்ளிவாசல் ஒழுங்கை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். விளங்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் அதையும் சொன்னேன்.

"ஓ, யப்பான் வீடா? ஏறுங்க" என்றான்.

உன் மூத்தவள்தான் கதவைத் திறந்தாள். அவளுக்கும் அறுபது தாண்டிவிட்டது. நெற்றியும் மூக்கும் நீதான். மருமகள் ஈரப்பலாக்காயைக் கொடுத்தாள். உன் மகள் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு எதிரில் இருந்தாள். நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். கயிறு பிடித்து அளந்ததைச் சொன்னேன். குரல் நடுங்காமல் இங்கிலீஷ் பேசியதையும் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்க வாய் வரவில்லை. எண்பத்தொன்பது வயதில் போய்க் கேட்கிற மன்னிப்பில் கேட்கிறவனுக்குத்தானே லாபம்.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "பள்ளிக்கூடத்தில அந்தப் பேரால எத்தனை நாள் அழுதிருக்கன் தெரியுமா, மாமா? வாப்பாக்கிட்ட வந்து கேப்பன், ஏன் நம்மள அப்பிடிச் சொல்றாங்க எண்டு. அவர் சிரிச்சுப்போட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போயிருவார்."

அவள் எழும்பி உள்ளே போனாள். குசினியில் பாத்திரச் சத்தம் கேட்டது. மருமகள் என் கையைப் பிடித்தாள். போவம் என்கிறாளோ, இரு என்கிறாளோ எனக்குத் தெரியவில்லை. கதிரையை விட்டு எழும்பத்தான் பார்த்தேன்.

அப்போது உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. கோபக் குரலுமில்லை, சிரிப்புமில்லை. நீ மான்களைக் கூப்பிட்டு ஏசுகிற அந்தக் குரல்.

"புள்ளைகளே, எல்லாரும் இங்க வாங்க. யப்பான்காரர் வந்திரிக்கார். தேத்தண்ணி போடுங்க."

பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள், உன் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும். நம்பாமல் என்னைப் பார்த்தார்கள். ஒரு சின்னவள், நாலு வயது இருக்கும், கேட்டாள்: "நீங்களா யப்பான்காரர்?"

"ஓம்" என்றேன். "நான்தான்."

அந்தப் பெயர் இப்போது என்னிடம் இருக்கிறது, மச்சான். நீ கேட்டாலும் திருப்பித் தரமாட்டேன்.